அறுபத்தைந்தைத் தாண்டும் ஆம்பளைகள் எங்கே?

முதியோர் உதவித்தொகை வரும் வாரத்தில் வில்லியனூரிலோ பாகூரிலோ ஏதாவது ஒரு வங்கிக் கிளைக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்புக்கை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்த்த காட்சி இது. அந்தப் பக்கம் இருக்கும்வரை இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. "டெத் கிளெய்ம்" படிவம் வரும், உறவுமுறை என்ற இடத்தில் "மனைவி" என்று இருக்கும், கைநாட்டு இருக்கும், நாமும் முத்திரை குத்தி அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். கழனிக்கு வந்து, கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருத்தராக ஐம்பத்தைந்திலும் அறுபதிலும் போவதைப் பார்த்த பிறகுதான் கேள்வி வந்தது. நம்ம ஊர் ஆம்பளைகள் ஏன் கிழவர்களாவதற்குள் போய்விடுகிறார்கள்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலக வங்கி நாடுவாரியாக வெளியிடும் பட்டியல்களில் ஒன்று, 100 ஆண் குழந்தைகள் பிறந்தால் எத்தனை பேர் 65 வயதைத் தொடுவார்கள் என்பது. பிறந்த நூறு பேரை அறுபத்தைந்து வருஷம் பின்தொடர்ந்து எண்ணுவதில்லை. இன்றைக்கு ஒரு வயதில் எத்தனை பேர் சாகிறார்கள், இருபதில், நாற்பதில் எத்தனை பேர் என்று எடுத்துக்கொண்டு, இதே விகிதம் நீடித்தால் கடைசியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று போடுகிறார்கள். இன்றைய வட்டி இப்படியே இருந்தால் முதிர்வுத் தொகை எவ்வளவு வரும் என்று டெபாசிட்காரருக்கு நாங்கள் சொல்வோமே, அதே கணக்குதான். இந்திய ஆண்களுக்கு அந்த விடை ஏறத்தாழ மூன்றில் இரண்டு. மூன்று பேரில் ஒருவர் 65ஐப் பார்ப்பதில்லை. பெண்களில் தாண்டுபவர்கள் ஆண்களைவிடக் கூடுதல்.

இது எப்போதும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. 1970-75இல் இந்தியாவில் ஆணின் சராசரி ஆயுள் 50.5 வருஷம், பெண்ணுக்கு 49. அப்போது பெண்கள்தான் முன்னால் போனார்கள். பிரசவத்தில் போனார்கள், ரத்தசோகையில் போனார்கள், எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிட்டுப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் இரண்டு கோடுகளும் சமமாகி, பிறகு பெண்கள் மேலே ஏறினார்கள். 2016-20 கணக்கில் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 71.4. ஆண்களின் ஆயுளும் கூடித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெண்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியும் இரும்புச்சத்து மாத்திரையும் கிராமத்து நர்ஸும் வீடு தேடி வந்தது மாதிரி, நாற்பது வயது ஆம்பளையைத் தேடி எதுவும் வரவில்லை. அவனும் எதையும் தேடிப் போகவில்லை.

பணம் வந்தால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1990இல் நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியைப் பற்றி மெக்கார்ட், ஃப்ரீமேன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹார்லெமில் வாழும் கறுப்பின ஆண், 65 வயதைத் தொடுவதற்கான வாய்ப்பில் வங்கதேசத்து ஆணைவிடப் பின்தங்கியிருக்கிறான் என்றது அது. உலகத்திலேயே பணக்கார நாடு, பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள நகரம், நிலைமை அப்படி. நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னும் இதே வகை ஒப்பீட்டைக் கேரளத்தை வைத்துச் செய்தார். அமெரிக்கக் கறுப்பின ஆண்கள், தங்களைவிடப் பல மடங்கு வருமானம் குறைந்த கேரள ஆண்களைவிட முதுமையை எட்டும் வாய்ப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஹார்லெமில் ஆண்களைக் கொண்டுபோனவை என்னென்ன? இதயநோய், குடியால் கெட்ட ஈரல், புற்றுநோய், கொலை, போதைமருந்து. கொலையையும் போதைமருந்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பைக் விபத்தையும் பூச்சிமருந்தையும் வையுங்கள். நம்ம கொம்யூன் பட்டியல் கையில் வந்துவிடும்.

புதுச்சேரியும் ஒரு சின்ன ஹார்லெம்தான். மருத்துவக் கல்லூரிக்கு இங்கே பஞ்சமே இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசுக் கல்லூரி. பாகூர் கொம்யூனில் மட்டும் கிருமாம்பாக்கத்தில் ஒன்று, பிள்ளையார்குப்பத்தில் ஒன்று. வேறு மாநிலத்துக்காரர் ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் டாக்டர் நமக்கு ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறார். போவதுதான் இல்லை. "இன்னாத்துக்கு சார் ஆஸ்பத்திரி, ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்." இந்த வார்த்தையை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்!

முதலில் சர்க்கரை. ஐ.சி.எம்.ஆர். இந்தியா முழுக்க நடத்திய நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். கோவாவில் 26.4, புதுச்சேரியில் 26.3. இரண்டாவது இடம். வயது வந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர். டவுன்காரர்களுக்கு இருக்கும், கழனிக்காரனுக்கு எங்கே வரும் என்பது பழைய நினைப்பு. அண்டை வெட்டினோம், நாற்று சுமந்தோம், கட்டு அடித்தோம், அப்போது மூன்று வேளை சோறும் எரிந்தது. இப்போது உழவுக்கு டிராக்டர், நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். கழனிக்குப் போவதே பைக்கில். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் களஞ்சியம் அப்படியே வயிற்றுக்குள் போகிறது.

இந்த இடத்தில் நம் இயக்கத்து நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. கருப்புக்கவுனி சாப்பிட்டால் சர்க்கரை போய்விடும், மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் பிபி அண்டாது என்று மேடையில் பேசுகிறோம். விதைத் திருவிழாவில் அட்டை எழுதி வைக்கிறோம். நானும் பாரம்பரிய நெல்தான் போடுகிறேன். தவிடு போகாத அரிசியில் நார்ச்சத்து இருக்கிறது, பாலிஷ் அரிசியைவிட மெதுவாகச் சர்க்கரை ஏறும், பசி தாங்கும். எல்லாம் சரி. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். மூன்று தட்டு கவுனி சாப்பிட்டால் மூன்று தட்டுச் சர்க்கரைதான். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு "மருந்தே உணவு" என்று முடித்தால், கேட்பவர் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துகிறார்.

நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் நல்ல இயற்கை விவசாயி. பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் கைப்பக்குவமாகச் செய்வார், அவரிடம் கற்றவர்கள் பலர். ஒரு பயிற்சி முகாமில் யாரோ சொன்னதைக் கேட்டு பிபி மாத்திரையை விட்டார். எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். பிபியின் குணமே அதுதான், உள்ளே குழாயை அரித்துக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் காட்டாது. 58 வயதில் பக்கவாதம். இப்போது அவர் மனைவி கழனியையும் பார்த்து, அவரையும் பார்க்கிறார். அந்த முகாமில் பேசியவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. யார் என்று எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. மண்ணில் நுண்ணுயிர் எவ்வளவு என்று சோதனைக்கு அனுப்பும் நாம், நம் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கக் கூச்சப்படுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது குடி. இதை எழுதினால் "சார் ஆரம்பிச்சிட்டாரு" என்பார்கள். பரவாயில்லை. தமிழ்நாட்டில் சாராயத்துக்குத் தடை, நமக்கோ சாராயக்கடையை அரசே ஏலம் விடுகிறது. வில்லியனூர் பக்கம் ஆரியபாளையத்தில் அரசு வடிசாலையே இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது நாடே அலறியது. அலற வேண்டியதுதான். ஆனால் லைசென்ஸ் உள்ள கடையில் நல்ல சரக்கு வாங்கிக் குடித்து, ஈரல் வீங்கி, நாற்பத்தெட்டு வயதில் வீட்டுத் திண்ணையில் போகிறவனுக்கு எந்த டி.வி.யும் வருவதில்லை. அவன் கணக்கு தினம் ஒன்று, இரண்டு என்று கரைகிறது. கள் உணவா போதையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை, அதற்கு இந்த இதழ் முழுக்கக் கொடுத்தாலும் பத்தாது. நம் கையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். அறுப்பு முடிந்ததும், மரம் வெட்டி முடித்ததும் கூலியோடு சேர்த்து "சரக்குக்கு" என்று தனிக்காசு கொடுக்கிறோமே, அந்தப் பழக்கம். அந்தக் காசைக் கூலியிலேயே சேர்த்து, முடிந்தால் அந்த ஆள் வீட்டம்மா கையில் கொடுக்கலாம். முதல் வாரம் முறைப்பார்கள். ஆள் கிடைக்காமல் போகாது.

குடியிலிருந்து ரோட்டுக்கு ஒரு அடிதான். 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். விழுப்புரம் ரோட்டிலும் கடலூர் ரோட்டிலும் விடியற்காலையில் காய்கறி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகும் நம் ஆட்களைப் பார்த்தாலே தெரியும், ஹெல்மெட் டேங்க் மேலே உட்கார்ந்திருக்கும்.

பாம்புக்கடியும் உண்டு. 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்கிறது ஓர் ஆய்வு. வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், அதிலும் மழைக்காலத்தில். நம்ம கழனியில் மருந்து அடிப்பதில்லை, அதனால் தவளை இருக்கிறது, எலி இருக்கிறது, பாம்பும் இருக்கிறது. அது இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ராத்திரி மோட்டார் போடப் போகும்போது டார்ச்சும் பூட்ஸும் வேண்டும். கடித்தால் கட்டுப்போட்டு, பச்சிலை அரைத்து நேரத்தை ஓட்டாமல் நேராக ஆஸ்பத்திரி. விஷமுறிவு ஊசிக்கு மாற்று கிடையாது. மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலியில் நம் இருளர் சமூகத்து ஆட்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த ஊசிக்காகத்தான். இதைவிட நாட்டு மருந்து வேறு எது?

இனி எழுதக் கஷ்டமான விஷயம். தற்கொலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4. புதுச்சேரியில் 29.7. நாட்டிலேயே மேலே உள்ள சில இடங்களில் நாமும் ஒன்று, வருஷா வருஷம் இப்படித்தான். நாடு முழுக்க அந்த வருஷம் இப்படிப் போன 1,70,924 பேரில் நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். கடன், குடி, குடும்பச் சண்டை, தீராத வலி என்று காரணம் பலது இருக்கும். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், கடனை மாற்றியமைக்கக் கேட்டால் வழி உண்டு. வந்து கேட்கக் கூச்சப்பட்டவர்கள்தான் அதிகம். பொம்பளைகள் சுய உதவிக்குழுவில் உட்கார்ந்து அழுதாவது விடுகிறார்கள். ஆம்பளைக்கு அழ ஓர் இடம் இல்லை, டீக்கடையில் அரசியல் பேசத்தான் இடம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் தமிழில் பேசுவார்கள். மனநலத்துக்காக மத்திய அரசு வைத்திருக்கும் எண். மோட்டார் கொட்டகைச் சுவரில் கரண்ட் ஆபீஸ் நம்பருக்குக் கீழே எழுதி வையுங்கள்.

இந்த விஷயத்தில் இலங்கை செய்ததை நம் இயக்கம் உரக்கச் சொல்ல வேண்டும். 1995இல் உலகத்திலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்று, லட்சத்துக்கு 47. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கடும் நச்சு மருந்துகளை அந்த வருஷத்தோடு நிறுத்தினார்கள். 1998இல் எண்டோசல்பான் போனது. 2008க்குப் பிறகு இன்னும் மூன்று. தற்கொலை விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. கோபத்தில், போதையில் ஒரு நிமிஷம் கை நீளும்போது எட்டும் தூரத்தில் அந்த டப்பா இல்லை, அவ்வளவுதான். அந்த நிமிஷம் கடந்தவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். நெல் விளைச்சலும் அந்தத் தடைகளால் குறையவில்லை. 2021இல் ராத்திரியோடு ராத்திரியாக ரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அந்தக் கதை வேறு, இரண்டையும் சேர்த்துக் குழப்பக் கூடாது. நம் நாட்டில் மோனோகுரோட்டோபாஸுக்கு முடிவு கட்டும் உத்தரவு 2023இல்தான் வந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்னால், 2017இல், மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தே இருபதுக்கும் மேற்பட்ட உழவர்களும் கூலியாட்களும் செத்தார்கள். நஞ்சில்லா உணவு என்று நாம் சாப்பிடுகிறவரை வைத்தே பேசுகிறோம். முதலில் அந்த டப்பாவை வீட்டுப் பரணில் வைத்திருக்கும் குடியானவனுக்காகப் பேச வேண்டும். இயற்கை விவசாயத்துக்கு மாறின வீட்டில் பழைய டப்பா ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

நம்மாழ்வார் ஐயா 1938இல் பிறந்து 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார், 75 வயது. கடைசிவரை ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த மனிதர். இயற்கை விவசாயிக்கு ஆயுள் கெட்டி என்று அவரைக் காட்டிப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். ஒருவரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பது வங்கியில் முதல் பாடம்.

ஆம்பளை போனபின் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கணவனை இழந்த பெண்கள் நாட்டில் 4 கோடிக்கும் மேல். பட்டா அவர் பேரில், பயிர்க்கடன் அவர் பேரில், பி.எம். கிசான் 6,000 ரூபாய் அவர் பேரில். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றி, அந்த அம்மா மறுபடி ஒரு விவசாயியாகக் காகிதத்தில் ஏறுவதற்குள் இரண்டு பட்டம் போய்விடும். காப்பீட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. வருஷம் 436 ரூபாய் கட்டும் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயதோடு முடிந்துவிடும். நம் ஆட்கள் அதிகம் போவது அதற்கு அடுத்த பத்து வருஷத்தில். 20 ரூபாய் கட்டும் சுரக்ஷா பீமா 70 வயது வரை உண்டு, ஆனால் விபத்துக்கு மட்டும். பாம்புக்கடியும் அதில் சேரும், ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருந்தால். மாரடைப்பு சேராது. 55க்கும் 65க்கும் நடுவில் இருக்கும் உழவனுக்கு 2 லட்சம் ரூபாய் இயற்கை மரணக் காப்பீடு கேட்டு ஒரு மனு போட நம் சங்கத்துக்கு என்ன தடை? ஆதார விலைக்குப் போடும் மனுவோடு இதையும் இணைக்கலாம். அதற்கு முன்னால் ஒவ்வொருத்தரும் பாஸ்புக்கை எடுத்து நாமினி பேர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் இறந்துபோன அப்பா பேரே நாமினியாக இருக்கும். நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கி, பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஆம்பளை கழனியில் இருப்பான். நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீட்டு கொடுப்பது காலையில்தான், அது தண்ணீர் கட்டும் நேரம். வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை உழவர்களுக்காகத் திறந்து வையுங்கள் என்று கேட்க வேண்டும்.

அது வரும்வரை நம் மாதக்கூட்டமே போதும். பிபி மெஷின் ஒன்று, சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று, இரண்டும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். ஒரு மூட்டை விதைநெல் விற்றால் வந்துவிடும். பேச்சு தொடங்குவதற்கு முன்னால், வந்தவர்கள் எல்லாரும், மேடையில் பேசப்போகிறவர் உட்பட, கையை நீட்ட வேண்டும். எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அளவு தாண்டியவரை அடுத்த நாளே ஒருவர் பைக்கில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டார், தெரிந்த கதைதான். நோட்டை நான் வைத்துக்கொள்கிறேன், லெட்ஜர் எழுதிப் பழகிய கை. சம்பா வேலை தொடங்கிவிட்டால் ஒருத்தரையும் பிடிக்க முடியாது, அதனால் ஆடி முடிவதற்குள் முதல் கூட்டத்தைப் பாகூரில் வைத்துவிடலாம்.